உடற்கூற்றுப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் வேலை

தொடையில் ஆழமாக ஓடும் முதன்மைச் சிரையை மருத்துவமனைகள் நெடுங்காலம் ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின்’ என்றே எழுதிவந்தன. மேலாக ஓடுவது என்று பொருள் தரும் பெயர், ஆழ்சிரைக்கு! அதில் ரத்தம் உறைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலின் ரத்தக் குழாயை அடைக்கக்கூடும். உறைவெதிர்ப்பு மருந்தைத் தள்ளிப்போட முடியாது. ஸ்கேன் அறிக்கையைப் படிப்பவர் ‘மேல்சிரைதானே’ என்று மருந்து தராமல் விடும் ஆபத்தை 1995-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. 2001-இல் ரோமில் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு அந்த அடைமொழியையே நீக்கச் சொன்னது. லாங் சஃபீனஸ், லெஸ்ஸர் சஃபீனஸ் என்ற இரண்டு கால் சிரைகளும் எல்.எஸ்.வி. என்றே சுருங்கிக் கிடந்தன; அவையும் கிரேட், ஸ்மால் என்று பிரிந்தன. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும்போது எல்.எஸ்.வி. என்று வந்தால் ஊகிக்கக் கூடாது. மூல அறிக்கையில் கணுக்காலின் எந்தப் பக்கம் என்று இருக்கிறதா பார்க்க வேண்டும்: உட்பக்கம் என்றால் கிரேட், வெளிப்பக்கம் என்றால் ஸ்மால். அதுவும் இல்லையென்றால் ‘தெளிவில்லை’ என்றே பதிய வேண்டும்.

பெயர்களை ஒழுங்குபடுத்தும் முயற்சி புதிதல்ல. 1895-இல் பாசெல் நகரில் ஏற்கப்பட்ட லத்தீன் பட்டியல், பல்லாயிரக்கணக்கில் பெருகியிருந்த ஒருபொருட் பெயர்களைச் சுமார் 5,000 ஆகச் சுருக்கியது. 1955-இன் பாரிஸ் பட்டியல், 1998-இன் டெர்மினோலோஜியா அனாடோமிகா, 2019-இல் அதன் இரண்டாம் பதிப்பு எனத் தொடர்கிறது.

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. இதயத்தின் முன்புறத் தமனி அதிகாரப்பூர்வமாக ‘முன் இடைக்கீழறைக் கிளை’. இதய மருத்துவர் எழுதுவது எல்.ஏ.டி. (லெஃப்ட் ஆன்டீரியர் டிசெண்டிங்). அவரை மாற்றி எழுதச் சொல்வது வீண் மட்டுமல்ல, அபாயமும்கூட. அவசரத்தில் படிப்பவருக்குப் பழகிய பெயர்தான் உடனே பிடிபடும். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்; பின்னால் ஓர் எண் ஒட்டட்டும் என்பதே எங்கள் நிலை. ஒவ்வோர் உறுப்புக்கும் எண் தரும் கணினிப் பட்டியல்கள் உண்டு. இதயம் என்பது மனித உடற்கூற்றுக்கான எஃப்.எம்.ஏ.-வில் 7088, விலங்கினங்களுக்குப் பொதுவான யூபெரானில் 0000948, மருத்துவப் பதிவுகளுக்கான ஸ்னோமெட் சி.டி.-யில் 80891009. எந்த மொழியில் எழுதினாலும் எண் மாறுவதில்லை.

எண் ஒட்டும் வேலை சுருக்கங்களில்தான் முதலில் தடுக்கும். எஸ்.எம்.ஏ. என்பது வயிற்று ஸ்கேனில் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, மூளை ஆய்வில் இயக்கத்தோடு தொடர்புள்ள ஒரு புறணிப் பகுதி, திசு ஆய்வில் ஒரு புரதம், நரம்பியல் பிரிவில் ஒரு நோய். ஆகவே சொல்லை மட்டும் தனியே உருவி எடுக்காமல், எந்தத் துறை, எந்தப் பரிசோதனை, முன்னும் பின்னும் உள்ள வரி எது என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இருவர் ஒருவரையொருவர் பாராமல் எண் ஒட்டுவார்கள். முரண்பட்டால் அந்தத் துறை மருத்துவர் தீர்ப்பார். தீர்ப்பின் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து வருபவர் அதே கேள்வியை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

வலது, இடது என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். அதில் ‘வலது, இடது, இருபுறம், குறிப்பிடவில்லை’ என்று நான்கு தேர்வுகளும் இருக்க வேண்டும். காலியான கட்டத்தை எந்த மென்பொருளும் தானாக நிரப்பக் கூடாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. ‘இடது சிறுநீரகம்’ என்பதில் ‘இடது’ என்ற சொல் பக்கத்தைக் குறிக்கிறது. இதயத்தின் ‘இடது கீழறை’ என்பதில் அது பெயரின் பகுதி. ‘இடது’ வரும் இடமெல்லாம் வெட்டித் தனிக் கட்டத்தில் போடும் நிரல், இதயத்தின் இரண்டு கீழறைகளையும் ஒன்றாக்கிவிடும். இரைப்பையின் இடது, வலது தமனிகளுக்கும் அதே கதிதான். இவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்றைக் கையால்தான் தயாரிக்க வேண்டும்.

எண்களும் ஏமாற்றும். 18-ஆம் பல் என்பது உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எஃப்.டி.ஐ. முறையில் வலது மேல் ஞானப்பல், அமெரிக்காவில் வழங்கும் யுனிவர்சல் முறையில் இடது கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல். எந்த முறை என்று எழுதாத பல் எண்ணை ஏற்கவே கூடாது.

அறுவைசிகிச்சையில் கல்லீரல் தனிச் சிக்கல். அதை எண்ணிட்ட துண்டங்களாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். ‘லெஃப்ட் லோபெக்டமி’ (இடது மடலை அகற்றுதல்) என்றால் பிரெஞ்சு வழக்கில் 2, 3-ஆம் துண்டங்களை அகற்றுவது; அமெரிக்க வழக்கில் 4-ஆம் துண்டமும் சேரும். இரண்டு வழக்கிலும் எழுதிய கோப்புகளைக் கலந்து ரத்த இழப்பை ஒப்பிட்டால், வெவ்வேறு அறுவைசிகிச்சைகளை ஒன்றென்று எண்ணிக் கூட்டிய கணக்காகிவிடும். 2000-இல் பிரிஸ்பேனில் வகுத்த பெயர்கள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன. ஆனாலும் அகற்றிய துண்டங்களின் எண்களையும் கூடவே பதியச் சொல்வது நல்லது. பெயர் குழம்பினாலும் எண்கள் காப்பாற்றும்.

ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனால் திசைகளே புரண்டுவிடும். நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கு ‘ஆன்டீரியர்’ என்றால் மார்புப் பக்கம். எலிக்கு அது தலைப்பக்கம். மனிதருக்குப் பொதுவாக மேற்பெருஞ்சிரை ஒன்று. எலிக்கு அதற்கு இணையானவை இடமும் வலமுமாக இரண்டு. மனிதப் பட்டியலை அப்படியே எலிக்குப் போட்டால் ஒன்றுக்குப் பெயரே இருக்காது. மூளையில் எல்லைகளும் நிலையானவை அல்ல. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்று ஒரு மூளை வரைபடம் காட்டும் பகுதியில் அதை ஒட்டிய சுபிகுலம் சேர்ந்திருக்கும், மற்றொன்றில் இருக்காது. ஒரே பெயர், இருவேறு கன அளவு. எனவே அளவோடு வரைபடத்தின் பெயரையும் பதிப்பையும் எழுதாத தரவை ஒப்பீட்டுக்குச் சேர்க்கவே கூடாது என்பதில் எங்களுக்குச் சற்றும் தயக்கமில்லை.

நேர்ப் பொருத்தம் கிடைக்காத சொற்களை ஏதோ ஒரு எண்ணில் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ‘இதைவிட விரிந்தது’, ‘இதைவிடக் குறுகியது’ என்று உறவைக் குறித்துவிட்டு நகர்வதே நேர்மை. பதிப்பு எண்ணையும் விடக்கூடாது: டெர்மினோலோஜியா அனாடோமிகாவின் 1998 பதிப்பில் புள்ளிகளால் பிரித்த குறியீடுகள், இரண்டாம் பதிப்பில் நேரடி வரிசை எண்கள். எந்தப் பதிப்பென்று எழுதாமல் வெறும் எண்ணைச் சேமித்த கோப்பை, மூல அறிக்கையைத் தேடியெடுத்து மறுபடி வரிவரியாகப் பொருத்த வேண்டியிருக்கும்.