ரேடியேட்டர் புதுசு, பம்ப் புதுசு, சூடு மட்டும் குறையவில்லை

ஒரு வழியாக நம்ம மாருதி 800 வழிக்கு வந்துவிட்டது. கத்திபாரா நெரிசலில், மதிய வெயிலில், ஏசி ஓடும்போதே டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. கார்புரேட்டர் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரேடியேட்டர் கோர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் திறந்து, அதைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) எல்லாம் மாற்றிய பிறகுதான் சூடே ஏற ஆரம்பித்தது, அதுதான் எரிச்சல். அதற்கு முன்னால் ஒழுகியதே தவிர ஒரு நாளும் கொதித்ததில்லை. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், ஹெட்டை இறக்கிடலாம்" என்றார். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு அது, போனால் எஞ்சின் புகை கூலன்ட்டில் கலக்கும். நான் மசியவில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர் இருக்கிறதே, எஞ்சின் புகை பட்டால் மஞ்சளாகுமே, அதை வாங்கிப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. "அப்ப தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டுங்க, நம்ம ஊருக்கு அது எதுக்கு?" இது அவருடைய அடுத்த வைத்தியம். எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடினால் பெட்ரோலையும் குடிக்கும், ஆயிலையும் கெடுக்கும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

துப்பு கிடைத்தது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில். முள் சிவப்பை நெருங்கும்போது அந்த ஹோஸ் கைபொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று. அதாவது தண்ணீர் சுற்றவே இல்லை, உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. (இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தை நேராகச் சுட்டுப் பார்க்காதீர்கள், குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பாருங்கள்.)

கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழையதின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதில் லொடலொடவென்று ஆடும் ஒரு குட்டி ஊசி. கூலன்ட் ஊற்றும்போது காற்று அந்த ஓட்டை வழியாக மேலே போய்விடும். பம்ப் ஓடினால் அழுத்தத்தில் ஊசி ஓட்டையை மூடிக்கொள்ளும். புதியதில் ஓட்டையும் இல்லை, ஊசியும் இல்லை. வால்வுக்குக் கீழே காற்று தங்கிவிட்டால் உள்ளிருக்கும் மெழுகுக்குச் சூடு ஒழுங்காக எட்டாது. மெழுகு உருகி விரிந்தால்தானே வால்வு திறக்கும்? எஞ்சின் கொதிக்க, அது பாட்டுக்கு மூடியே கிடக்கிறது.

பழையதை ஒரு தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். (சமையல் பாத்திரம் வேண்டாம், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.) அதில் அச்சிட்டிருந்த டிகிரிக்குப் பக்கத்திலேயே வாய் திறந்தது. நல்ல சாமானைத்தான் கழற்றி ஓரம் கட்டியிருக்கிறார்கள்! புது கேஸ்கெட் போட்டு, ஊசி உச்சியில் வரும்படி திருப்பி அதையே மாட்டினேன். ஊசி கீழே போனால் இருந்தும் பிரயோஜனமில்லை.

பிறகு கூலன்ட் ஊற்றும் சடங்கு. முன்சக்கரங்களை ரேம்பில் ஏற்றி ரேடியேட்டர் வாயை உயரத்துக்குக் கொண்டுவந்து, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே உயரத்தில் இருக்கும் ஹீட்டர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் எட்டிப் பார்க்கும் வரை பொறுமையாக ஊற்ற வேண்டும். இறுக்கிவிட்டு, மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தேன். 'குளுக் குளுக்' என்று காற்று வந்துகொண்டே இருந்தது. திடீரென்று மட்டம் சரசரவென இறங்கியது, ஹோஸ் சுட்டது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது! அந்த நேரத்தில் ஃபேன் ஓடும் சத்தம் போல இனிமையானது வேறில்லை.

ரேடியேட்டர் மூடி, சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கியது. 0.9 அழுத்தம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 119 டிகிரி வரை கொதிக்காது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போனால் மூடியின் உள்வால்வைச் சந்தேகப்படலாம்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏசியோடு ஏற்றிப் பார்ப்பது பாக்கி. அதற்கு முன், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் இடுக்கில் அடைத்திருக்கும் பூச்சியையும் புழுதியையும் கழுவ வேண்டும், அதற்குக் கழற்ற வேண்டிய பம்பர் போல்ட் துருவேறி அசைய மறுக்கிறது. ஃபேன் ஷ்ரவுடும் (ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு) விரிசல். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கேட்டால் ரேடியேட்டரோடு சேர்த்துத்தான் தருவார்களாம். தனியாக ஷ்ரவுட் மட்டும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.