உள்ளே வந்த காற்று எங்கே போகும்?

உயரமான அலுவலகக் கட்டடங்களில் ஏசியையும் காற்றோட்டத்தையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மேல்மாடிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இந்தக் கண்ணாடியைத் திறக்கிற மாதிரி வைத்திருக்கக் கூடாதா?" என்பதுதான். வைக்கலாம், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று யோசிக்காமல் ஜன்னலை மட்டும் திறந்து பிரயோஜனமில்லை.

ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால், கூரை உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்று ஒழுங்காகப் போகும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. 3 மீட்டர் உயர அறையில் 6, 7 மீட்டர். எதிர்ப்பக்கமும் திறந்தால் 15 மீட்டர் வரை போகும். அகலமான தளம் என்றால் ஜன்னலோரம் இருப்பவரின் காகிதம் பறக்கும், நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் உயரம். உள்ளே 20 டிகிரி, வெளியே 0 என்றால் 100 மீட்டர் உயரத்துக்கு 87 பாஸ்கல் அளவுக்கு அழுத்த வேறுபாடு வரும். உள்ளே இருக்கிற சூடான காற்று லேசானது, படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் மேலே ஏறிவிடும். இதைக் கண்ணால் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். டிஷ்யூ காகிதத்தை மெல்லிய கீற்றாகக் கிழித்து, மூடியிருக்கும் படிக்கட்டுக் கதவின் இடுக்கில் பிடித்தால் போதும். கீழ்த்தளங்களில் கீற்று படிக்கட்டுப் பக்கம் இழுபடும், மேல்தளங்களில் நம்மை நோக்கிப் படபடக்கும், நடுவில் ஏதோ ஒரு மாடியில் அசையாமல் தொங்கும். வெளியே வெயில் கொளுத்த உள்ளே ஏசி ஓடும்போது எல்லாமே தலைகீழ்.

இந்த இழுப்பை அடக்க ஒரு நல்ல வழி கட்டடத்தின் உயரத்தைத் துண்டு போடுவது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997-இல் முடிந்த பிராங்ஃபர்ட் காமர்ஸ்பேங்க் கோபுரம் 259 மீட்டர் உயரம். முக்கோண வடிவம், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பன்னிரண்டு மாடிக்கு ஒருமுறை கண்ணாடியால் அடைத்துவிட்டார்கள். நான்கு மாடி உயரத் தோட்டங்கள் வழியாக வெளிக்காற்று உள்ளே வருவதால், உட்புறம் பார்த்த அறைகளிலும் ஜன்னல் திறக்கலாம். வெளிப்பக்க ஜன்னல்களுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி அடுக்கு நின்று காற்றின் வேகத்தைத் தாங்குகிறது. அது தேவைதான், வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது.

இவ்வளவு கஷ்டப்பட்டுத் திறக்கிற ஜன்னல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், மனிதர்கள். கைப்பிடி தன் கையில் இருக்கிறவர் கொஞ்சம் சூட்டையும் கொஞ்சம் குளிரையும் பொறுத்துக்கொள்வார். ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. 2004-இல் அது ஆஷ்ரே 55-க்குள் வந்தது, அதாவது அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கம் அறைச் சூடு, குளிர் வசதிக்காக வகுத்த தரநிலைக்குள். கம்ப்யூட்டரே ஜன்னலைத் திறந்து மூடுகிற இடங்களில்தான் எனக்குப் புகார் அதிகம் வரும்.

ஆனால் நல்ல வடிவமைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் புயலோ மழையோ இல்லை, பிறகு எழுப்புகிற தடுப்புச் சுவர்கள்தான். காற்று குறுக்கே ஓடட்டும் என்று விட்ட கூடத்தில் வரிசையாக கேபின் போடுகிறார்கள், அதுவும் கூரை வரைக்கும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, கதவைச் சாத்தி எட்டுப் பேர் பேசும் மீட்டிங் ரூமில் 1000-ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. எல்லோருக்கும் கொட்டாவி வரும், பழி ஏசி மேல் விழும்.

அதனால் புது கேபினுக்கு வரைபடம் வந்தாலே நான் முதலில் தேடுவது தடுப்புக்கு மேலே காற்று போக ஒரு பாதை. பேச்சு வெளியே கேட்குமே என்பார்கள், சரி, பாதையை வளைத்து உள்ளே சத்தம் உறிஞ்சும் பஞ்சு ஒட்டினால் போதும். வரைபடத்தில் கையெழுத்தாகும் முன் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், சுவர் எழுந்த பிறகு கேட்டால் பட்ஜெட் இல்லை.