குறைந்த செலவில் கைவினை அழகு
வீட்டு அலங்காரத்துக்குச் சிறு தொகையே ஒதுக்க முடிந்தவர்கள், எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரி தொங்கும் அச்சுப் படங்களை இணையத்தில் வாங்குவதற்கு முன், நம் ஊர்ப் பாய்களையும் ஜமக்காளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பவானி ஜமக்காளத்தின் அடர்ந்த வண்ணப் பட்டைகள், தரையில் விரிப்பதைவிடச் சுவரில் தொங்கவிடும்போதுதான் எடுப்பாகத் தெரிகின்றன என்பது என் கருத்து. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாக்கிச் சாயமேற்றி நெய்யும் பட்டுப் பாய்க்கு, இழையின் நுணுக்கம் கூடக் கூட விலையும் ஏறும். அதே ஊரின் சாதாரணப் பாயிலிருந்து ஒரு துண்டை மரச்சட்டத்தில் பொருத்தினால் செலவு மிகவும் குறைவு, பார்வைக்கும் குறையில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூண்களையும் கதவுகளையும் விசாரித்தால் மலைப்புதான் மிஞ்சும். எனாமல் தூக்கு, பீங்கான் சாடி, மர அஞ்சறைப் பெட்டி போன்ற சிறு பொருள்களை மட்டும் பார்த்தால், பொறுமையாகப் பேசி நியாயமான விலைக்கு வாங்கலாம். செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானை, முடைந்தவரே நேரில் விற்கும்போது, நான் விலை குறைத்துக் கேட்பதில்லை.