தலையணை இருந்த பக்கம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, வீட்டில் யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "வீட்டுக்கு நாலு பேர் வந்தா உள்ளறையில போய் உக்காந்துக்கிறவன், வர்றவங்களை எப்படிடா வாங்கன்னு கூப்பிடுவே?" என்றுதான் அத்தை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால், வந்தவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தவனும், வெயிலில் கிடந்த அவர்களுடைய செருப்புகளைத் திண்ணை நிழலுக்கு நகர்த்திவிட்டு உள்ளே போனவனும் நான்தான் என்பதை அத்தை கவனித்ததில்லை. ஆட்கள் வருவது எனக்குப் பிடிக்கும். பேச்சுதான் வராது.

தரமணியில், 1963இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் இடம் கிடைத்தது. சமையல், பரிமாறல், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்ற நான்கு துறைகளையும் எல்லோரும் படித்தாக வேண்டும். ஃப்ரண்ட் ஆபீஸ் செய்முறை வகுப்பில், எதிரே நிற்கும் சக மாணவரை விருந்தினராகப் பாவித்து, எழுதிக் கொடுத்த வரவேற்பு வாசகத்தைச் சிரித்த முகத்துடன் சொல்ல வேண்டும். என் குரல் மூன்றாவது வரிசைக்கு எட்டியதில்லை. படிப்பு முடிந்து ஒரு பெரிய ஓட்டலின் நேர்காணலுக்குப் போனபோது, ரிசப்ஷனுக்கு நான் தேற மாட்டேன் என்று சொல்லி ஹவுஸ்கீப்பிங்கில் போட்டார்கள். அதை ஒரு தண்டனையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஷிப்டுக்கு எனக்கு 14 அறைகள் இருந்தன. விருந்தினர் வெளியே போன பிறகுதான் பெரும்பாலும் அறைக்குள் நுழைவோம் என்பதால் அவர்களுடைய முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் இரண்டு நாட்களில் அவர்களைப் பற்றி ஓரளவுக்குத் தெரிந்துவிடும். கட்டிலருகே மாத்திரை அட்டையும் காலித் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் இன்னொரு பாட்டில் கூடுதலாக வைக்கலாம். நாற்காலி ஜன்னல் பக்கம் திருப்பிப் போடப்பட்டிருந்தால் அதை மேசைக்குள் தள்ளிவிடாமல் அப்படியே விடலாம்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அந்த ஓட்டலில் ஐந்து நாட்கள் தங்கினார். முதல் நாள் காலை அவருடைய அறைக்குள் போனபோது, தலையணைகள் இரண்டும் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தன. மெத்தைக்கடியில் நான் இறுக்கிச் செருகியிருந்த போர்வையும் அந்தப் பக்கம் பிடுங்கப்பட்டிருந்தது. படுத்துக்கொண்டு டிவி பார்த்திருப்பார் என்று நினைத்து, விரிப்பை மாற்றி, நான்கு மூலைகளையும் உறைபோல மடித்துச் செருகி, தலையணைகளைத் தலைமாட்டுப் பலகையை ஒட்டி நிமிர்த்திவைத்தேன். இரண்டாம் நாளும் தலையணைகள் கால்மாட்டில்தான் கிடந்தன. ஜன்னல் வழியாக விழுந்த காலை வெயிலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: தலைமாட்டுப் பலகை இருந்தது வடக்குச் சுவரில். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த எனக்கே அது புரிய இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அன்று கட்டிலைத் தலைகீழாக விரித்தேன். தலையணைகளைத் தெற்கே வைத்து, போர்வையின் மடிப்பையும் அதற்கேற்ப மாற்றினேன்.

அறைகளைச் சரிபார்க்க வந்த சூப்பர்வைசர் கோபித்துக்கொண்டார். எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. அவர் சொன்னது தவறு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். காரணத்தை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "சரி, அந்த ஒரு ரூமுக்கு மட்டும்" என்றார். மறுநாள் காலை, தலையணைகள் நான் வைத்த இடத்திலேயே கசங்கிக் கிடந்தன. பெரியவர் எதுவும் எழுதிவைக்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. இந்த வேலையில்தான் இருக்கப் போகிறேன் என்று நான் முடிவுசெய்தது அந்தக் கசங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றும் புதிதாய் வந்தவர் என்றும் பொருள். ஓம்புதல் என்றால் பேணுதல். வரவேற்பு வாசகத்துக்கு விருந்தோம்பல் என்ற சொல்லில் எங்கே இடம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

பிறகு மதுரையில், மேலவெளி வீதிக்கு அருகே இருந்த ஒரு ஓட்டலில் இரவுப் பணிக்கு ரிசப்ஷனில் ஆள் தேவைப்பட்டது. இரவில் பேச ஆளிருக்காது என்பதாலேயே விண்ணப்பித்தேன். நள்ளிரவுக்கு மேல் அன்றைய அறை வாடகைகளைக் கணக்கிலேற்றி, பில்களோடு ஒப்பிட்டு, கணினியில் தேதியை அடுத்த நாளுக்கு மாற்றும் நைட் ஆடிட் வேலை எனக்குத் தோதாக இருந்தது. விடியற்காலை ஐந்தரை வாக்கில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் அந்த அமைதி கலைந்துவிடும். சென்னையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்தவர்கள், செக்-இன் நேரம் பகல் 12 மணி என்பதை மறந்து கவுண்டருக்கு முன்னால் நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் குளிக்க ஒரு இடமும் வெந்நீரும் ஒரு காப்பியும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் அம்மாவை, பயணம் எப்படி இருந்தது என்று கேட்டு நிறுத்திவைப்பதைவிட, காலியாயிருக்கும் அறையின் சாவியைக் கொடுத்து முதலில் மேலே அனுப்பிவிட்டு, ஆதார் நகலையும் கையெழுத்தையும் கணவரிடம் வாங்கிக்கொள்வதே முறை என்று எனக்குப் பட்டது. அதற்கு இரண்டு வார்த்தை போதும்.

ஆனால் என் அமைதியைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாதபடி ஒன்று நடந்தது. அந்த வாரம் எனக்குப் பகல் பணி. வயதான தம்பதியர் பதினோரு மணிக்கு மேல் கீழே இறங்கிவந்து, முதலில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டுப் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூன்று மணிக்கு அவர்கள் ராமேஸ்வரம் கிளம்பக் கார் சொல்லிவைத்திருந்ததே நான்தான். கோயில் நடை 12:30க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வாசல்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்கள் போட்ட திட்டத்தில் நாம் எதற்குக் குறுக்கிடுவது, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், வலியப் போய்ப் பேசக் கூச்சமாக இருந்தது.

ஒன்றேகால் மணிக்குத் திரும்பி வந்தார்கள். "கோபுரத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டோம்" என்று அந்த அம்மாள் கணவரைத் தேற்றுவதுபோலச் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, "மத்தியானம் சாத்திடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரியும் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அதே ஊரில் வேறொரு ஓட்டலில் டியூட்டி மேனேஜராக இருக்கிறேன். சாவியைக் கொடுக்கும்போது, யாரும் கேட்காவிட்டாலும், "நடை பன்னிரண்டரைக்குச் சாத்திடுவாங்க, அப்புறம் நாலு மணிக்குத்தான்" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் தலையாட்டுவார்கள். சிலர், "நாங்க வருஷா வருஷம் வர்றவங்க தம்பி" என்று சிரிப்பார்கள். அப்போது எனக்குக் காது சூடேறிவிடும். அடுத்து வருபவரிடம் மறுபடியும் சொல்கிறேன்.