பாஸ்கியாவின் பறவை

அமெரிக்க ஓவியர் ழான்-மிஷேல் பாஸ்கியாவின் 'ஹார்ன் பிளேயர்ஸ்' ஓவியத்தை இன்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், முகங்களுக்கு முன்னால் எழுத்துகள்தான் கண்ணில் படுகின்றன.

'ஆர்னித்தாலஜி'. பறவையியல்!

ஓவியத்தில் இருக்கும் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் பட்டப்பெயர் 'பேர்ட்', அதாவது பறவை. அவருடைய இசைத்துண்டு ஒன்றின் பெயரும் 'ஆர்னித்தாலஜி'தான்.

1983. மூன்று கேன்வாஸ், அக்ரிலிக் (நீரில் கரைத்துப் பூசும் வண்ணம்), ஆயில் ஸ்டிக் (குச்சி வடிவ எண்ணெய் வண்ணம்).

இந்த இரண்டு வண்ணங்களில் வரிசை முக்கியம். அடியில் அக்ரிலிக், சீக்கிரம் காய்ந்துவிடும். மேலே ஆயில் ஸ்டிக். மாற்றிப் பூசினால் எண்ணெய்ப் பிசுக்கில் அக்ரிலிக் பிடிக்காது, உரிந்து வரும்.

குச்சி நுனியில் ஏடு கட்டியிருக்கும். அதைக் கிள்ளி எறியாவிட்டால் கோடு திக்கித்திக்கித்தான் வரும். மறுநாள் கை பட்டாலும் ஈஷிக்கொள்ளும்.



பாஸ்கியாவின் ஓவியங்களைச் 'சின்னப்பிள்ளைக் கிறுக்கல்' என்பவர்கள் ஒரு குச்சி வாங்கி, ஈஷாமல் ஒரே ஒரு வார்த்தை எழுதிப் பார்க்கலாம்.