இரண்டு சுவருக்கு நடுவே

நாங்கள் அலுவலகங்களுக்குப் பரிசுப் பொருட்கள் விற்கும் சிறிய நிறுவனம். பல வருடங்களாக யாரோ இறக்குமதி செய்து வைத்ததைத்தான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தோம். இனி நாமே இறக்கலாம் என்று முடிவானதும் அந்த வேலை கொள்முதல் பிரிவில் இருந்த என்னிடம் வந்தது. மூடியில் எங்கள் முத்திரை பதித்த 3,000 ஸ்டீல் ஃப்ளாஸ்க்குகள், 120 அட்டைப் பெட்டிகள். ஒரு முழு கன்டெய்னருக்கு அது பற்றாது. மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்துதான் வர வேண்டும்.

மாதிரி பார்த்து, விலை பேசி, பணம் அனுப்பி முடிக்கவே மூன்று மாதம் ஆனது. சுங்கம் என்பது கப்பல் வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கப்பல் கிளம்பிய மறுநாள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) மூன்றையும், சுங்க வேலைகளை எங்களுக்காகச் செய்யும் கிளியரிங் ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர் அவர். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

“தம்பி, இந்த பாட்டிலுக்கு ரெண்டு சுவரு இருக்குல்ல, அதுக்கு நடுவுல என்ன இருக்கு?”

“டபுள் வால் சார், சூடு ஆறாது.”

“அது சரி. நடுவுல காத்து இருக்கா, இல்ல காத்தை உறிஞ்சி எடுத்துட்டாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் அந்தப் பொருளைப் பற்றியே பேசியிருக்கிறேன். நிறம், மூடி, பெட்டியின் அட்டைத் தடிமன் வரை கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. விற்பவர் இன்வாய்ஸில் ‘ஸ்டீல் பாட்டில்’ என்று எழுதி, 7323 என்ற எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எண்ணை, போட்டிருந்தார். இரும்பு, எஃகால் ஆன சமையலறை, வீட்டு உபயோகப் பொருட்களுக்கான தலைப்பு அது. ஆனால் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் அது வெறும் எஃகுப் பாத்திரம் இல்லை, வெற்றிடக் குடுவை. அதற்குத் தனித் தலைப்பு உண்டு: 9617. எஃகுச் சாமான்கள் 73ஆம் அத்தியாயத்தில் இருக்க, ஃப்ளாஸ்க் மட்டும் பட்டன், ஜிப், பால்பாயின்ட் பேனா, சீப்பு, லைட்டர் எல்லாம் இருக்கிற 96ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. எண் மாறினால் வரி விகிதம் மாறலாம், கேட்கப்படும் சான்றிதழ்களும் மாறலாம். கண்ணுக்கே தெரியாத ஒரு வெற்றிடம் இவ்வளவையும் தீர்மானிக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய வியப்பு.

இந்த எண் முறையைப் பிரஸ்ஸல்ஸில் தலைமையகம் கொண்ட உலக சுங்க அமைப்பு பராமரிக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 97 அத்தியாயங்கள். அதில் 77ஆம் எண்ணைப் பிற்காலத் தேவைக்காகக் காலியாக விட்டிருக்கிறார்கள். முதல் ஆறு இலக்கங்கள் இந்த முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். எனவே விற்பவர் தன் ஊர் ஏற்றுமதிக்கு எழுதும் முழு எண் நம் நாட்டு அட்டவணையில் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ‘அவர்தான் அப்படி எழுதினார்’ என்று பிறகு சொல்லவும் முடியாது. சுங்க அறிவிப்பு போவது இறக்குமதி செய்பவர் பெயரில்தான். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சுங்கத்துறையிடம் எழுதிக் கேட்டு ஒரு தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் இதை உறுப்பு நாடுகளின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. சரக்கு கடலில் இருக்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது?

விற்பவரிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, ஒரு ஃப்ளாஸ்க்கை நெடுக்காக அறுத்து எடுத்த படம் வந்தது. காற்றை வெளியேற்றி மூடிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். எண் 9617 ஆனது.

அடுத்து எடை. பில் ஆஃப் லேடிங்கில் 1,460 கிலோ, பேக்கிங் லிஸ்ட்டில் 1,380. பெட்டிகளை மட்டும் எடை போட்டு விட்டு, அவற்றை அடுக்கிய நான்கு மரப் பேலட்டுகளை விற்பவர் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். அதில் ஒரு நல்லது நடந்தது. பேலட் என்றதும் ஏஜென்ட் அதிலிருக்கும் முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சரக்கோடு வரும் மரத்தில் பூச்சி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சர்வதேச விதி இருக்கிறது. வழக்கமான சூடேற்று முறையில் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடமாவது ஏறியிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை இருக்கும். எங்கள் பேலட்டுகளில் இருந்தது. இல்லாமல் வந்திருந்தால், ஃப்ளாஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தும் அடியில் கிடக்கும் மரத்துக்காகச் சரக்கு நின்றிருக்கும்.

அறிவிப்பைத் தாக்கல் செய்யும் முன் அவர் கேட்ட கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. “இவங்களுக்கு இந்த இன்வாய்ஸ் தவிர வேற ஏதாவது பணம் அனுப்பினீங்களா?” அனுப்பியிருந்தேன். மூடியில் முத்திரை வருவதற்கு ஒரு அச்சு செய்ய வேண்டியிருந்தது. நான்கு மாதம் முன்பே தனி பில் போட்டு அந்தத் தொகையைக் கொடுத்தோம். அது எங்கள் கணக்கில் வடிவமைப்புச் செலவாகப் போய்விட்டது. அதற்கும் இந்தச் சரக்குக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

சுங்க மதிப்பு பற்றிய உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் அடிப்படையாகச் சொல்வது, அந்தப் பொருளுக்காக உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலை எதுவோ அதுதான் மதிப்பு என்பது. அச்சுக்கு விற்பவரிடம் தனியாகக் கொடுத்த பணமும் அதில் சேரும். பணமாக இல்லாமல் அச்சையே நாம் செய்து இலவசமாகக் கொடுத்திருந்தாலும் அதன் மதிப்பைக் கூட்டத்தான் வேண்டும். கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் முடிவு செய்துகொள்ளலாம். நான் எதையும் மறைக்க நினைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால், பின்னால் தணிக்கையில் அது மறைத்ததாகத்தான் தெரிந்திருக்கும். அந்தப் பில்லைத் தேடி எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். அவர் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பல நாள் என்னை விடவில்லை.

அப்புறம் சரக்கு வந்தது. எல்லாச் சரக்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்களுடையது பரிசோதனைக்கு எடுக்கப்பட்டது. முதல்முறை இறக்குமதி செய்பவர்களுக்கு இது நடக்கக்கூடியதுதான் என்றார் ஏஜென்ட். பெட்டிகளைத் திறந்தபோது ஒன்றில் சிறு பிளாஸ்டிக் பைகள் இருந்தன. மூடிக்குள் போடும் சிலிக்கோன் வளையங்கள், 300. இன்வாய்ஸில் இல்லை, பேக்கிங் லிஸ்ட்டிலும் இல்லை. விற்பவர் நல்ல மனதோடு, வாடிக்கையாளருக்கு உபரியாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சுங்கத்தைப் பொறுத்தவரை அவை அறிவிக்காத பொருள். இலவசமாக வந்தாலும் பொருளுக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

விளக்கக் கடிதம், விற்பவரிடமிருந்து விலை குறித்த உறுதி, அறிவிப்பில் திருத்தம் என்று ஆறு வேலை நாட்கள் போயின. இலவச நாட்கள் தீர்ந்து கிடங்கு வாடகையும் ஏறத் தொடங்கியது. விற்பனைப் பிரிவில் தேதி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் எனக்கு அதிகாரி மேல் கோபம் வரவில்லை. அவர் முன்னால் இருந்தது என் காகிதம் மட்டும்தானே? காகிதத்தில் இல்லாத ஒன்று பெட்டியில் இருந்தால், நான் யார், என் எண்ணம் என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏஜென்ட் என் பக்கம் நின்று ஒவ்வொரு தாளையும் பொறுமையாக விளக்கினார். அவரோடு நின்று பார்த்த அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றது அதிகம்.

ஒன்பது மாதம் கழித்து இரண்டாவது ஆர்டர். இந்த முறை விலை கேட்கும் முன்பே கேள்விகளை அனுப்பினேன்: உள்ளே வெற்றிடம் உண்டா, எந்தத் தர எஃகு, மூடி எந்த பிளாஸ்டிக், பேலட்டில் முத்திரை இருக்குமா, இலவசமாக எதுவும் வைப்பீர்களா. வளையங்களையும் விலை போட்டுத் தனி வரியாக எழுதச் சொன்னேன். இலவசமாகத் தருவதற்கு எதற்கு விலை என்று விற்பவருக்குப் புரியவில்லை. முந்தைய ஆறு நாள் கதையைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

பெட்டிகள் லாரியில் ஏறும் முன்பே ஆவணங்களின் நகலை ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை கூப்பிட்டார். “தம்பி, மொத்த எடையையும் நிகர எடையையும் மாத்திப் போட்டிருக்காங்க. அதை மட்டும் திருத்தச் சொல்லுங்க, ஏத்திடலாம்.”