வீடு விற்கும்போது ஏஜென்ட் கமிஷன்: பர்சன்டுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் வீட்டை விற்கக் கிளம்பும் நம்மவர்கள் ஏஜென்டிடம் முதலில் கேட்பது "எத்தனை பர்சன்ட்?" என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரை பர்சன்ட் குறைத்துவிட்ட சந்தோஷத்தில், லிஸ்டிங் ஒப்பந்தத்தை (வீட்டை விற்றுத்தர ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம்) படிக்காமலே போனில் கையெழுத்தைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். குறைத்த அரை பர்சன்டை விடப் பெரிய தொகை அந்தப் பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும்.

முதலில் ஒரு விஷயம். "இங்கெல்லாம் 6 பர்சன்ட்தான் ரேட்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு சட்டமும் இல்லை, இருக்கவும் முடியாது. தரகர் சங்கம் உறுப்பினர்களுக்குக் கமிஷன் விகிதத்தை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1950-லேயே சொல்லிவிட்டது. விற்பவர், வாங்குபவர் என இரு தரப்பு ஏஜென்டுகளுக்கும் சேர்த்து 5 முதல் 6 சதவீதம் என்பது பழக்கத்தில் நின்றுபோன எண், அவ்வளவே.

இந்தச் சதவீதம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். வீடு 6 லட்சம் டாலருக்குப் போகிறது, வங்கிக் கடன் பாக்கி 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கமிஷன் 5.5 சதவீதம் என்றால் 33,000 டாலர். உங்களுக்குச் சொந்தமான பங்கு 2 லட்சம்தான். அதில் 33,000 என்பது 16.5 சதவீதம். கடன் எடுத்த தொகைக்கும் சேர்த்து நீங்கள்தான் கமிஷன் கட்டுகிறீர்கள். வாங்கி மூன்றே வருடத்தில் வேலை மாறி விற்பவர்களுக்கு இது பலமாக அடிக்கும். ஏறிய விலை முழுவதும் கமிஷனிலும் க்ளோசிங் (விற்பனை முடிந்து வீடு கைமாறுவது) செலவிலும் கரைந்துபோவது இப்படித்தான்.

பணம் உங்கள் கையிலிருந்து நேரடியாகப் போகாது. க்ளோசிங் அன்று விற்பனைக் கணக்கை முடித்துவைக்கும் டைட்டில் கம்பெனியோ எஸ்க்ரோ நிறுவனமோ வழக்கறிஞரோ விற்ற தொகையிலிருந்து பிடித்து, ஏஜென்ட் வேலை பார்க்கும் புரோக்கரேஜ் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஏஜென்டுக்கு அங்கிருந்துதான் பங்கு. அந்த 6 லட்சம் வீட்டில் ஒரு தரப்புக்கு 2.5 சதவீதம், அதாவது 15,000 டாலர் போகிறது, பங்கீடு 70-க்கு 30 என்றால், ஏஜென்ட் கையில் 10,500. போட்டோ, விளம்பரம், எம்எல்எஸ் (விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்டுகள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல்) சந்தா, வருமான வரி எல்லாம் அதிலிருந்துதான். பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்திருந்தால் நல்லது. சில நேரம் ஏஜென்டுக்குக் குறைக்க மனம் இருக்கும், நிறுவனம் ஒப்புக்கொள்ளாது. "உங்கள் புரோக்கரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றால் பல கதவுகள் திறக்கும்.

இனி 2024-ல் வந்த மாற்றம். விற்பவர்தான் இரு தரப்புக்கும் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து மிசௌரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் போட்ட வழக்கில், 2023 அக்டோபர் 31 அன்று கேன்சஸ் சிட்டியில் ஜூரி சுமார் 180 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. அதன்பின் தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. புதிய விதிகள் 2024 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாங்குபவரின் ஏஜென்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று எம்எல்எஸ்ஸில் போடக் கூடாது. வாங்குபவர் வீடு பார்க்கப் போகுமுன்பே தன் ஏஜென்டோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும். அதில் தொகை தெளிவாக இருக்க வேண்டும். அந்த ஏஜென்ட் யார் கையிலிருந்தும் அதற்கு மேல் வாங்கக் கூடாது.

விற்பவர் வாங்குபவரின் ஏஜென்டுக்குக் கட்டுவது நின்றுவிட்டதா? இல்லை, இன்னும் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஆனால் அது இப்போது பேரத்தின் ஒரு பகுதி. வாங்குபவர் ஆஃபரிலேயே "விற்பவர் என் ஏஜென்டுக்கு 2.5 சதவீதம் தர வேண்டும்" என்று எழுதி அனுப்புவார். நீங்கள் ஏற்கலாம், குறைக்கலாம், மறுக்கலாம்.

ஒப்பந்தத்தில் சரியாக இந்த இடத்தில்தான் ஒரு பள்ளம். சில லிஸ்டிங் ஒப்பந்தங்களில் "மொத்தக் கமிஷன் 5 சதவீதம், அதில் வாங்குபவர் தரப்புக்குத் தேவையானதை லிஸ்டிங் புரோக்கர் கொடுப்பார்" என்று ஒரே வரியாக இருக்கும். வாங்குபவரின் ஏஜென்ட் 2 சதவீதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டிருந்தால், மீதி 3 சதவீதமும் உங்கள் ஏஜென்ட் பக்கமே நின்றுவிடும். ஏஜென்டே இல்லாமல் ஒருவர் வந்து வாங்கினால் முழு 5 சதவீதமும் அங்கேதான். ஆகவே இரண்டையும் இரண்டு தனித்தனி வரிகளாக எழுதச் சொல்லுங்கள்: லிஸ்டிங் தரப்புக்கு இவ்வளவு, வாங்குபவர் தரப்புக்கு ஆஃபர் வரும்போது நான் எழுத்தில் சம்மதிக்கும் தொகை மட்டும். உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் லிஸ்டிங் புரோக்கர் மறுதரப்புக்குப் பணம் தரக் கூடாது என்பது சமரச விதியிலேயே இருக்கிறது.

ஆஃபர்களை ஒப்பிடும்போது மேலே இருக்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்று 6,10,000 டாலர், 2.5 சதவீதம் தன் ஏஜென்டுக்குக் கேட்கிறது. இன்னொன்று 6,00,000, எதுவும் கேட்கவில்லை. உங்கள் ஏஜென்டுக்கு 2.5 சதவீதம் என்றால், முதல் ஆஃபரில் 15,250 இரண்டு முறை கழிந்து கைக்கு வருவது 5,79,500. இரண்டாவதில் 15,000 மட்டும் கழிந்து 5,85,000. குறைந்த ஆஃபர்தான் 5,500 டாலர் அதிகம் தருகிறது. தவிர, கமிஷனை ஈடுகட்ட விலையை ஏற்றி எழுதிய ஆஃபருக்கு அப்ரைசல் தொல்லையும் உண்டு. வங்கி மதிப்பீட்டாளர் அந்த விலைக்கு ஒப்பவில்லை என்றால் மறுபடி பேரத்துக்கு உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு ஆஃபருக்கும் "நெட் ஷீட்", அதாவது எல்லாம் கழிந்து கைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்குத் தாள், கேளுங்கள். நல்ல ஏஜென்டிடம் கேட்கவே வேண்டியிருக்காது.

அந்தத் தொகையை எந்தப் பெயரில் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்களின் விதிகளில், முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழ் போட்டுக் குடியிருக்க வாங்குபவருக்கு, விற்பவர் தரும் சலுகை 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வழக்கப்படி வாங்குபவரின் ஏஜென்டுக்கு நேரடியாகக் கட்டும் கமிஷன் இந்த வரம்பில் சேராது. அதையே பொதுவான "கிரெடிட்" என்று எழுதினால் சேரும், கடன் கடைசி நேரத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது அதன் வகை. ஏஜென்ட் நீட்டுவது பெரும்பாலும் "எக்ஸ்க்ளூசிவ் ரைட் டு செல்". இதன்படி, ஒப்பந்தக் காலத்தில் வீட்டை யார் வாங்கினாலும் கமிஷன் உண்டு. உங்கள் ஆபீஸ் நண்பரே வாங்கினாலும் உண்டு. "எக்ஸ்க்ளூசிவ் ஏஜென்சி" என்றால் நீங்களே ஆள் பிடித்தால் கமிஷன் இல்லை, ஆனால் இதற்கு ஒப்பும் ஏஜென்டுகள் குறைவு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர், கோயிலில் விசாரித்த குடும்பம் என்று ஏற்கெனவே ஆர்வம் காட்டியவர்களின் பெயர்களை எழுதி, இவர்கள் வாங்கினால் கமிஷன் இல்லை, அல்லது குறைந்த கட்டணம் என்று ஒப்பந்தத்தோடு இணைத்துவிடலாம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் நடக்காது.

காலம் ஆறு மாதம் என்று அச்சடித்திருக்கும். 90 நாள் கேளுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது காலம் முடிந்த பிறகும் தொடரும் "புரொடெக்ஷன் பீரியட்". ஒப்பந்தக் காலத்தில் வீடு பார்த்தவர் முடிந்தபின் வந்து வாங்கினாலும் பழைய ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு என்பது இதன் சாரம். ஏஜென்ட் உழைப்புக்கு இது நியாயமான பாதுகாப்பு, மறுக்க முடியாது. ஆனால் மூன்று வரம்புகள் இருந்தாக வேண்டும்: 30 முதல் 60 நாள் மட்டும், பெயர்ப் பட்டியலை ஏஜென்ட் முன்கூட்டியே எழுத்தில் தந்திருக்க வேண்டும், வேறு புரோக்கரிடம் புதிதாக லிஸ்ட் செய்துவிட்டால் செல்லாது. கடைசி வரி இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு புரோக்கர்கள் கமிஷன் கேட்டு நிற்பார்கள்.

கமிஷன் எப்போது "சம்பாதிக்கப்பட்டது" ஆகிறது என்ற வரியையும் தேடிப் பிடியுங்கள். வாங்கத் தயாரான, வசதியுள்ள ஒருவரைக் கொண்டுவந்த உடனே கமிஷன் உரியது என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும். அப்படியானால் வீடு கைமாறாமலே கூடக் கட்ட வேண்டி வரலாம். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1967-ல் இதை மாற்றியது: வாங்குபவர் பின்வாங்கி விற்பனை நின்றால், விற்பவர் கமிஷன் தர வேண்டியதில்லை. எல்லா மாநிலத்திலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. "க்ளோசிங் முடிந்தால் மட்டுமே" என்று எழுதி வாங்குவதே நிம்மதி. அப்போதும் நீங்களே காரணமில்லாமல் பின்வாங்கினால் பொறுப்பு உங்கள் மேல்தான்.

ஒரே ஏஜென்ட் இரண்டு தரப்புக்கும் நிற்பதைக் கொலராடோ, புளோரிடா போன்ற மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடங்களிலும் இரு தரப்பின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். உங்களுக்காக விலையை ஏற்றிப் பேச வேண்டியவர் நடுவில் நின்றுவிடுகிறார், அதற்கு முழுக் கமிஷன் எதற்கு? அப்படி நடந்தால் மொத்தம் 4 சதவீதத்துக்கு இறங்கும் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே "அட்மின் ஃபீ" என்று சில நூறு டாலர் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

சதவீதக் கமிஷனின் உண்மையான குறை வேறு. ஏஜென்ட் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து 10,000 டாலர் கூடுதலாக வாங்கித் தந்தால் உங்களுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் லாபம். 2.5 சதவீதத்தில் அவர் நிறுவனத்துக்கு 250, அவர் கைக்கு 175. இரண்டு வாரம் ஓப்பன் ஹவுஸ் நடத்த 175 டாலர் யாருக்குப் போதும்? பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் சிகாகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரையில் இது எண்ணாகவே தெரிகிறது. ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது சுமார் 9.5 நாள் அதிகம் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலை வாங்கினார்கள்.

இதற்குப் படிக்கட்டுக் கமிஷன் ஒரு மருந்து. 6 லட்சம் வரை 2 சதவீதம், அதற்கு மேல் வரும் தொகைக்கு மட்டும் 10 சதவீதம். 6,25,000-க்கு விற்றால் 12,000-மும் 2,500-மும் சேர்ந்து 14,500. இது நேர் 2.5 சதவீதத்தை விட உங்களுக்கு மலிவு. ஒவ்வொரு கூடுதல் ஆயிரத்துக்கும் லிஸ்டிங் தரப்புக்கு 25-க்குப் பதில் 100 கிடைப்பதால் அவர்களுக்கும் பொறுக்கக் காரணம் உண்டு. இந்த 6 லட்சம் போன்ற எல்லைக்கோடு எங்கே என்பதில்தான் சண்டை வரும். ஏஜென்ட் தாழ்வாகப் போடப் பார்ப்பார். கடந்த மூன்று மாதத்தில் அக்கம்பக்கத்தில் முடிந்த விற்பனைகளை வைத்துத்தான் கோடு போட வேண்டும். இன்னும் விற்காத வீடுகளின் லிஸ்டிங்கில் கேட்டு நிற்கும் விலை அதற்கு உதவாது.

சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு எம்எல்எஸ்ஸில் மட்டும் ஏற்றித்தரும் சேவைகளும் உண்டு. போட்டோ, வீடு காட்டுவது, இன்ஸ்பெக்ஷனுக்குப் பின் வரும் ரிப்பேர் பேரம் எல்லாம் உங்கள் தலையில். கேட்டவுடன் விற்கும் வீட்டுக்கு இது சரி. கூரை பழசு, பேஸ்மென்டில் தண்ணீர் என்று பேச வேண்டிய வீட்டுக்கு, அந்த ரிப்பேர் பேரத்தில் மிச்சப்படுத்தித் தரும் ஆள் தன் கமிஷனைச் சம்பாதித்துவிடுவார்.

வரியில் ஒரு சின்ன ஆறுதல். கமிஷனை வருமானத்தில் கழிக்க முடியாது, ஆனால் விற்பனைச் செலவாக லாபத்தில் கழிக்கலாம். ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது சொந்தமாக வைத்துக் குடியிருந்த வீடு என்றால் தனிநபருக்கு 2.5 லட்சம், சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் லாபம் வரை வரி இல்லை. 3,80,000-க்கு வாங்கி 9 லட்சத்துக்கு விற்றால் லாபம் 5,20,000, வரம்பைத் தாண்டுகிறது. 5 சதவீதக் கமிஷனான 45,000-ஐக் கழித்தால் 4,75,000, வரி போய்விட்டது. க்ளோசிங் கணக்குத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

ஊர் திரும்பியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவராகிவிட்ட பிறகு விற்றால், வெளிநாட்டவர் விற்கும் சொத்துக்கான ஃபிர்ப்டா வரிச் சட்டப்படி 15 சதவீதம் பிடித்தம் உண்டு. வாங்குபவர் குடியிருக்க வாங்கி விலை 3 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் டாலருக்குள் என்றால் 10 சதவீதம். இந்தப் பிடித்தம் கமிஷனைக் கழிக்காத முழு விற்பனை விலையின்மேல். 6 லட்சம் வீட்டில் 60,000 பிடித்தம், 30,000 கமிஷன், வங்கிக் கடன் பாக்கி என்று எல்லாம் போனால், க்ளோசிங் அன்று கையிலிருந்து பணம் போட வேண்டிய நிலைகூட வரும். லாபம் குறைவு என்றால் பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லி 8288-பி படிவத்தை க்ளோசிங் நாளிலோ அதற்கு முன்போ அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வீட்டை லிஸ்ட் செய்யும்போதே ஆடிட்டரைக் கூப்பிட்டுவிடுங்கள்.